பசி வந்தால் பத்தும் பறந்து போகுமா?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய ஞாயிறு மாலை வகுப்பில் மூத்த தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் தேநீர் குடித்துக் கொண்டிருந்த சமயம். ஸ்பின்னிங் இலாகாவில் சைடராக வேலை செய்யும் தம்பி ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வெகு நேரம் டம்ளரையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"தோழர், மில்லுக்குப் பின்புறம் தகரக் கொட்டகையில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் காண்டிராக்டர் கூட்டி வந்த பையன்கள் இருக்கிறார்களே, அவர்களுக்காகச் சங்கம் பேச வேண்டும் என்கிறீர்கள். நம் கூலியைக் கெடுக்கத்தானே அவர்களை இறக்கியிருக்கிறார்கள்? பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்று பாட்டன் காலத்திலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள். மனிதனுடைய வாழ்நிலைதான் அவன் உணர்வைத் தீர்மானிக்கிறது என்று நீங்களே வகுப்பு எடுத்தீர்கள். அப்படியானால் என் வயிறு எதைச் சொல்கிறதோ அதைத்தானே என் மனசும் சொல்லும்? இதில் நியாயம் அநியாயம் எங்கிருந்து வந்தது?"

நான் அன்று பதில் சொல்லவில்லை. ஏனென்றால் இது சாமானியமான கேள்வியல்ல. அந்தத் தம்பி பொய் பேசவில்லை; மனதில் உள்ளதை உள்ளபடி கேட்டார். நம்மில் பலர் மனதில் வைத்துக்கொண்டு வெளியே சொல்லாமலிருப்பதை அவர் சொல்லிவிட்டார். ஆகவே இன்று வேறு எந்த விஷயத்தையும் எடுக்காமல் இதையே பேசலாம் என்று வந்திருக்கிறேன். வியாக்கியானம் செய்வதைக் காட்டிலும் ஒரு கதை சொல்வது நல்லது. கதை என்றால் கட்டுக்கதையல்ல, நடந்த சரித்திரம். அதுவும் நம்மைப் போல நூல் நூற்ற தொழிலாளிகளின் சரித்திரம்.

பஞ்சு நின்றுபோன ஊர்

இங்கிலாந்தில் லங்காஷயர் என்று ஒரு ஜில்லா. மான்செஸ்டர், ராச்டேல், பிளாக்பர்ன், ஸ்டேலிபிரிட்ஜ் என்று ஊருக்கு ஊர் பஞ்சாலைப் புகைபோக்கிகள். 1860இல் உலகத்திலேயே அதிகமாக நூலும் துணியும் உற்பத்தியான இடம் அதுதான். ஆனால் அங்கே ஒரு பருத்திச் செடிகூட முளைப்பதில்லை. ஐந்து மூட்டைப் பஞ்சில் ஏறக்குறைய நான்கு மூட்டை அமெரிக்காவின் தென் மாகாணங்களிலிருந்து கப்பலில் வந்தது. அந்தப் பருத்தியை விதைத்துக் களையெடுத்துப் பறித்தவர்கள் யார்? ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி போட்டுக் கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களுடைய சந்ததியாரும். அன்றைக்கு அமெரிக்காவில் சுமார் 40 லட்சம் அடிமைகள் இருந்தார்கள். அவர்களைச் சந்தையில் மாடு விற்பதுபோல விற்றார்கள். தாயை ஒருவன் வாங்குவான், குழந்தையை வேறொருவன் வாங்குவான்.

1861 ஏப்ரலில் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. அடிமை முறையை வைத்துக்கொள்ள வேண்டுமென்று தென் மாகாணங்கள் பிரிந்து போயின. வடக்குச் சர்க்காரின் ஜனாதிபதி லிங்கன், தெற்குத் துறைமுகங்களைக் கப்பற்படையால் அடைக்க உத்தரவிட்டார். பருத்தி வெளியே போகாவிட்டால் தெற்குப் பண்ணையார்களுக்குப் பணம் வராது, துப்பாக்கி வாங்க முடியாது. இது யுத்த தந்திரம். ஆனால் அந்த அடி விழுந்தது கடலுக்கு இந்தப் பக்கம், லங்காஷயர் தொழிலாளியின் அடுப்பில்.

முதல் சில மாதங்கள் ஆலை முதலாளிகளுக்குப் பெரிய கஷ்டமில்லை. சொல்லப்போனால் சிலருக்குச் சந்தோஷம். முந்திய இரண்டு வருடங்களில் அளவுக்கு மீறி உற்பத்தி செய்து சரக்கு தேங்கிக் கிடந்தது. பஞ்சு வரவில்லையென்றதும் தேங்கிய சரக்குக்கு விலை ஏறியது. பஞ்சு விலையும் பின்னால் ஏறக்குறைய நான்கு மடங்காயிற்று; மூட்டையைப் பதுக்கி வைத்திருந்த வியாபாரி கொழுத்தான். தொழிலாளிக்கு? வாரத்தில் மூன்று நாள் வேலை, பிறகு இரண்டு நாள், பிறகு கதவடைப்பு. 1862 கடைசியில் ஏறக்குறைய 5 லட்சம் பேர் நிவாரணத்தை நம்பி நின்றார்கள். கட்டில், நாற்காலி, குளிருக்குப் போர்த்தும் கம்பளி எல்லாம் அடகுக் கடைக்குப் போயின. வீட்டில் விற்கக்கூடிய சாமான் ஒன்று பாக்கியிருந்தாலும் நிவாரணம் கிடையாது என்று சொன்ன இடங்களும் உண்டு.

சில ஆலைகள் நம் நாட்டுப் பஞ்சை வைத்து ஓட்டிப் பார்த்தன. இந்தியப் பஞ்சு எதுவாயிருந்தாலும் அவர்களுக்கு அது "சூரத்"துதான். குட்டை இழை, அழுக்கும் கல்லும் கலந்தது, நொடிக்கு நொடி நூல் அறுந்தது. இங்கே உட்கார்ந்திருக்கும் சைடர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். பீஸ் ரேட்டில் கூலி வாங்குகிறவனுக்கு நூல் அறுந்தால் என்ன ஆகும்? நாள் முழுக்க நின்று ஒட்டினாலும் பாதிக் கூலி. "கடவுளே, பஞ்சை அனுப்பு, ஆனால் சூரத்தை அனுப்பாதே" என்று அங்கே தொழிலாளிகள் பிரார்த்தனை செய்ததாக ஒரு கதை வழங்குகிறது. நம் கரிசல் விவசாயி கேட்டால் கோபித்துக்கொள்வார். ஆனால் கஷ்டத்தில் சொன்ன பேச்சு.

இப்போது நம் தம்பியின் கேள்விக்கு வருவோம். இந்தத் தொழிலாளியின் வயிறு என்ன சொல்ல வேண்டும்? "பிரிட்டிஷ் கப்பற்படையை அனுப்பு, துறைமுக அடைப்பை உடை, தெற்குப் பண்ணையார் ஜெயிக்கட்டும், பஞ்சு வரட்டும்" என்றுதான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்படி அவனைத் தூண்டிவிட ஆட்கள் இல்லாமலா? லிவர்பூல் வியாபாரிகளும் பெரிய பத்திரிகைகளும் அதைத்தான் ஓதினார்கள். பிரிட்டிஷ் நிதி மந்திரி கிளாட்ஸ்டன் 1862 அக்டோபரில் பகிரங்க மேடையில், தெற்கின் தலைவர்கள் ஒரு தேசத்தையே உருவாக்கிவிட்டார்கள் என்று பாராட்டினார். லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் பர்க்கன்ஹெட் தளத்தில் தெற்கத்தியருக்கு "அலபாமா" என்ற போர்க்கப்பல் கட்டிக் கொடுத்தார்கள். தொழிலாளிகள் கூட்டமாக வீதிக்கு வந்து "யுத்தம் வேண்டும், பஞ்சு வேண்டும்" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், அந்தச் சாக்கை வைத்தே சர்க்கார் தலையிட்டிருக்கும்.

அந்தக் குரல் எழவில்லை. 1862 டிசம்பர் 31ஆம் தேதி இரவு மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் தொழிலாளிகள் கூடினார்கள். மறுநாள் புது வருடம். மறுநாளிலிருந்துதான் தெற்கு மாகாணங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்ற லிங்கனின் பிரகடனம் அமலுக்கு வர இருந்தது. வேலையில்லை, கூலியில்லை, நல்ல குளிர். அந்த நிலையில் அவர்கள் லிங்கனுக்கு ஒரு மகஜர் நிறைவேற்றினார்கள்: அடிமை முறையை வேரோடு ஒழியுங்கள், நாங்கள் உங்கள் பக்கம் என்று. தங்களைப் பட்டினி போடுகிற துறைமுக அடைப்பை எடுத்துவிடு என்று கேட்கவில்லை. தோழர்களே, அந்த ஹால் எந்த இடத்தில் கட்டப்பட்டிருந்தது தெரியுமா? 1819இல் ஓட்டுரிமை கேட்டுக் கூடிய தொழிலாளர் கூட்டத்தின்மேல் குதிரைப்படையை ஏவி வெட்டிச் சாய்த்த அதே பீட்டர்லூ மைதானத்தின் மேல்தான். அங்கே கூடியவர்களில் பெரும்பாலோருக்கு 1862இலும் ஓட்டு இல்லை.

லிங்கன் 1863 ஜனவரி 19ஆம் தேதி பதில் எழுதினார். உங்கள் கஷ்டத்தை அறிவேன், எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் இதை மிஞ்சிய வீரம் இருந்ததில்லை என்ற பொருளில் எழுதினார். பிப்ரவரியில் "ஜார்ஜ் கிரிஸ்வோல்ட்" என்ற கப்பல் மாவுப் பீப்பாய்களோடு லிவர்பூலில் வந்து சேர்ந்தது. அமெரிக்க மக்கள் அனுப்பிய உதவி. மார்ச் 26ஆம் தேதி லண்டன் தொழிற்சங்கங்கள் அதே நோக்கத்துக்காகப் பெரிய கூட்டம் நடத்தின. அதில் காரல் மார்க்ஸும் போய் உட்கார்ந்திருந்தார். மறு வருடம் சர்வதேசத் தொழிலாளர் சங்கம் பிறந்தபோது அதன் துவக்க உரையிலேயே, மேல்வர்க்கத்தின் அறிவு அல்ல, பிரிட்டிஷ் தொழிலாளி வர்க்கம் காட்டிய எதிர்ப்புத்தான் மேற்கு ஐரோப்பாவை அந்தக் கேவலமான யுத்தத்தில் விழாமல் காப்பாற்றியது என்று அவர் எழுதினார்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். லங்காஷயர் தொழிலாளிகள் எல்லோரும் ஒரே மனதாக நின்றார்கள் என்று சிலர் எழுதிவிட்டார்கள். அது சரியல்ல. சில ஊர்களில் தெற்குக்கு ஆதரவாகக் கூட்டம் நடந்தது. தொழிலாளிகளும் கை தூக்கினார்கள். 1863 மார்ச்சில் ஸ்டேலிபிரிட்ஜில் நிவாரணத்தைப் பணமாகக் கொடுக்காமல் சீட்டாகக் கொடுத்தார்கள் என்று கலவரமே நடந்தது, படை வந்தது. எனக்கு அந்தக் கலவரக்காரர்கள் மேல் கோபமில்லை. பட்டினி கிடந்தவனிடம் கடைச் சீட்டை நீட்டியவர்கள் மேல்தான் கோபம். நான் சொல்ல வருவது இதுதான். அவர்கள் தேவர்களல்ல. அவர்கள் வயிறும் நம் வயிறு போலத்தான் கத்தியது. ஆயினும் பெரும்பகுதி மக்கள் அந்தப் பக்கம் சாயவில்லை. பத்தும் பறந்து போகவில்லை.

எங்கிருந்து வந்தது அந்த மனசு?

அவர்கள் பிறக்கும்போதே நல்லவர்களாகப் பிறந்தார்களா? அப்படியில்லை. அவர்களுடைய பாட்டன் காலத்தில் அடிமை வியாபாரம் கௌரவமான தொழில். லிவர்பூல் நகரமே அந்தக் காசில் வளர்ந்தது. கிரேக்க நாட்டு ஞானி அரிஸ்டாட்டில் அடிமையை உயிருள்ள கருவி என்று எழுதினார். கலப்பை உயிரில்லாத கருவி, அடிமை உயிருள்ள கருவி, அவ்வளவுதான் வித்தியாசம்! அவர் முட்டாளா? இல்லை. அவர் ஊரில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். ஊர் ஒப்புக்கொண்டது எல்லாம் அறம் என்று எடுத்துக்கொண்டால், அடிமை முறை 2,000 வருடம் அறமாகத்தான் இருந்தது. ஆகவே "ஊரோடு ஒத்து வாழ்" என்பதையும் கொஞ்சம் யோசித்துத்தான் கேட்க வேண்டும்.

பின் எப்படி மாறியது? முதலில் யாரோ ஒருவனுக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

பெஞ்சமின் லே என்று ஒரு மனிதர். 1682இல் இங்கிலாந்தில் பிறந்தவர். ஆடு மேய்த்தவர், கையுறை தைத்தவர், கப்பலில் மாலுமியாக உழைத்தவர். உயரம் நாலடிக்குக் கொஞ்சம் மேல், முதுகு கூன். பார்படோஸ் தீவில் சின்னக் கடை வைத்திருந்தபோது கரும்புத் தோட்ட அடிமைகள் படுகிற பாட்டைக் கண்ணால் பார்த்தார். பிறகு அமெரிக்காவில் பிலடெல்பியா பக்கம் குடியேறினார். அவர் சேர்ந்திருந்த குவேக்கர் என்ற மதக் கூட்டத்தார் சாந்தமானவர்கள், யுத்தம் கூடாது என்பவர்கள். ஆனால் அவர்களில் பணக்காரர்கள் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள்! 1738இல் அவர்களுடைய பெரிய கூட்டத்துக்கு லே மேலங்கி போர்த்திக்கொண்டு போனார். உள்ளே பட்டாளத்துச் சட்டை, ஒரு வாள், நடுவே குடைந்த புத்தகம், அந்தக் குழிக்குள் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பை. எழுந்து நின்று, சக மனிதனை அடிமையாக வைத்திருக்கிறவனின் ரத்தத்தைக் கடவுள் சிந்த வைப்பார் என்று சொல்லி வாளால் புத்தகத்தைக் குத்தினார். சிவப்புச் சாறு பக்கத்திலிருந்த பெரிய மனிதர்கள் மேலெல்லாம் தெறித்தது. பெண்கள் மயங்கி விழுந்தார்களாம்.

அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள். கூட்டத்தை விட்டே விலக்கினார்கள். பைத்தியம் என்றார்கள். அவர் ஒரு குகை வீட்டில் வசித்தார். தானே நூற்ற நூலில் தானே துணி செய்து உடுத்தினார். அடிமை கைபட்ட சர்க்கரையைத் தொடவில்லை. 20 வருடம் போயிற்று. 1758இல் அதே குவேக்கர் கூட்டம், அடிமையை வாங்குகிற விற்கிற எவனும் நம் காரியங்களில் பங்கெடுக்கக்கூடாது என்று முடிவு செய்தது. அந்தச் செய்தி காதில் விழுந்த பிறகுதான் கிழவர் மறு வருடம் கண்ணை மூடினார்.

இதைக் கேட்டதும் சிலர் சொல்வார்கள்: பார்த்தீர்களா, தனி மனிதனுடைய மனச்சாட்சிதான் உலகத்தை மாற்றுகிறது என்று. பாதிதான் சரி. லே தனியாகவே இருந்திருந்தால் ஒரு கிறுக்கன் என்று சொல்லி மறந்திருப்பார்கள். அவர் உறுத்தலை வேறு சிலர் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போய் அடிமை வைத்திருந்தவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். 1787இல் லண்டனில் ஒரு அச்சுக்கூடத்தில் 12 பேர் கூடிக் கமிட்டி அமைத்தார்கள். கமிட்டி, ரசீது, துண்டுப் பிரசுரம், மகஜர்! நாம் சங்கத்தில் செய்கிற வேலைதான். ஒரு அடிமைக் கப்பலுக்குள் மனிதர்களை எப்படி அடுக்கினார்கள் என்று படம் வரைந்து சுவர் சுவராக ஒட்டினார்கள். அந்தப் படத்தில் 482 உருவங்கள், பாபின் பெட்டியில் பாபின் அடுக்கிய மாதிரி. அந்த வருடக் கடைசியில் மான்செஸ்டர் நகரத்திலிருந்து மட்டும் 10,000 பேருக்கு மேல் பார்லிமெண்டுக்கு எழுதிய மகஜரில் கையெழுத்திட்டார்கள். ஊர் ஜனத்தொகையே அன்று சுமார் 50,000தான். 1791இல் பார்லிமெண்டு மசோதாவைத் தோற்கடித்தது. உடனே வீட்டுப் பெண்கள் அடிமைச் சர்க்கரையை வாங்க மறுத்தார்கள். லட்சக்கணக்கானவர்கள் சர்க்கரையில்லாத் தேநீர் குடித்தார்கள். தினம் இரண்டு வேளை, கசக்கும் தேநீரைக் குடிக்கும்போதெல்லாம், முகம் தெரியாத ஒரு கரும்புத் தோட்டத் தொழிலாளியை நினைத்துக் கொண்டார்கள்.

இதில் இன்னொரு தரப்பை விட்டுவிட்டால் அது எஜமானர்கள் எழுதுகிற சரித்திரமாகிவிடும். அடிமைகள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1791 ஆகஸ்டில் ஹெய்ட்டி தீவில் அவர்கள் எழுந்தார்கள். பிரெஞ்சு, ஸ்பானிய, பிரிட்டிஷ் படைகளைத் தோற்கடித்து 1804இல் சொந்த நாடு கண்டார்கள். 1831 டிசம்பரில் ஜமைக்காவில் சாம் ஷார்ப் என்ற அடிமை, கூலி இல்லாமல் வேலை இல்லை என்று பல்லாயிரம் பேரை நிறுத்தினார். அது கிளர்ச்சியாக வெடித்தது. 1832 மே மாதம் அவரைத் தூக்கிலிட்டார்கள். 1833இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு அடிமை ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு நஷ்டஈடாக 2 கோடி பவுன் கொடுத்தார்கள். யாருக்கு? அடிமைக்கு அல்ல, எஜமானுக்கு! அதற்காக வாங்கிய கடன் 2015இல்தான் முழுதும் தீர்ந்தது என்று பிரிட்டிஷ் கஜானாவே ஒப்புக்கொண்டது. அதாவது அண்மைக் காலம் வரையில் அங்கே வரி கட்டிய தொழிலாளி, அவர்களில் அடிமைகளின் பேரப்பிள்ளைகளும் உண்டு, அந்தக் கடனைக் கட்டியிருக்கிறார்கள்.

லங்காஷயருக்கு அடிமைகளின் சொந்தக் குரலும் போய்ச் சேர்ந்தது. தப்பி வந்த அடிமையான பிரடெரிக் டக்ளஸ் 1840களில் அந்தத் தீவு முழுதும் பேசினார். 1859இல் சாரா பார்க்கர் ரேமாண்ட் என்ற கறுப்பினப் பெண்மணி மான்செஸ்டரில் பேசினார். உங்கள் வீதியில் மூட்டை மூட்டையாகப் பருத்தி போவதைப் பார்க்கும்போது, அதை விளைவித்தவர்களுக்கு ஒரு சல்லிக்காசும் போய்ச் சேரவில்லை என்பதுதான் என் நினைவுக்கு வருகிறது என்றார். யோசித்துப் பாருங்கள். நூற்கிற தொழிலாளிக்கு அதுவரை பஞ்சு என்றால் பஞ்சு. அன்றிலிருந்து பஞ்சுக்குப் பின்னால் ஒரு ஆள் நின்றான். மூன்று வருடம் கழித்துப் பசி வந்தபோது அந்த ஆளை மறக்க முடியவில்லை.

தம்பி கேட்ட கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. வாழ்நிலை உணர்வைத் தீர்மானிக்கிறது என்று சொன்னது சரி. ஆனால் வாழ்நிலை என்றால் வயிறு மட்டுமா? 50 பேர் ஒரே கூரையின் கீழ் ஒரே சங்கு சத்தத்துக்கு நுழைகிறோமே, ஒருவன் நூல் அறுந்தால் பக்கத்துக்காரன் ஓடி வந்து ஒட்டுகிறானே, அதுவும் வாழ்நிலைதான். 1819இல் அப்பன் வெட்டுப்பட்ட மைதானத்தில் மகன் கூட்டம் போடுகிறானே, அதுவும் வாழ்நிலைதான். ஆலை முதலாளிக்கும் பஞ்சு வேண்டும், தொழிலாளிக்கும் பஞ்சு வேண்டும். ஆனால் எஜமானின் சவுக்கு எப்படியிருக்கும் என்பது தொழிலாளிக்குத்தான் கொஞ்சமாவது தெரியும்.

நம் வயல்களில்

அந்தச் சர்க்கரை மறுப்பு இயக்கம் மறுபடி 1820களில் கிளம்பியபோது, இங்கிலாந்துக் கடைகளில் ஒரு தினுசுச் சர்க்கரைக் கிண்ணம் விற்றார்கள். "கிழக்கிந்தியச் சர்க்கரை, அடிமைகள் செய்ததல்ல" என்று அதன்மேல் எழுதியிருக்கும். நம் நாட்டில் அடிமைகள் இல்லையாம்! கும்பினி ஆட்சியில் நிலத்தோடு சேர்த்து ஆளையும் விற்ற பத்திரங்கள் இருந்தன. 1833 சட்டத்திலிருந்து கும்பினியின் பிரதேசங்களைத் தந்திரமாக விலக்கி வைத்தார்கள். 1843இல் 5ஆம் சட்டம் என்று ஒன்று வந்தது. அடிமை உரிமையைக் கோர்ட்டு ஏற்காது என்றது. சட்டம் காகிதத்தில் வந்தது. தஞ்சாவூர் ஜில்லாவில் அது பண்ணையாளாகப் பெயர் மாற்றிக்கொண்டு இருந்தது.

இங்கே கீழத் தஞ்சையிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களுடைய அப்பன் பாட்டன் முதுகு சொல்லும். விடியுமுன் வயலில் இறங்க வேண்டும். நேரம் தப்பினால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணியைத் தண்ணீரில் கரைத்துச் சாணிப்பால் என்று குடிக்க வைப்பது. பண்ணையாள் வீட்டில் கல்யாணம் என்றாலும் மிராசுதாரின் அனுமதி. இவ்வளவையும் செய்தவன் தான் பாவம் செய்கிறோம் என்று நினைத்தானா? இல்லை. பட்டவனும் இது தலைவிதி, பிறந்த ஜாதியின் பலன் என்று நம்பினான். இதுவும் ஊரே ஒப்புக்கொண்ட நெறிதான், தோழர்களே!

1943இல் தென்பரைக் கிராமத்தில் விவசாயிகள் சங்கம் ஏற்பட்டது. பி. சீனிவாசராவ் என்ற கன்னடம் பேசுகிற மனிதர் சேரிக்குள் போய் உட்கார்ந்து, அங்கே கொடுத்ததைச் சாப்பிட்டு, அடித்தால் திருப்பி அடி என்று சொன்னார். முதலில் கேட்டவர்கள் பயந்திருப்பார்கள். அடியைத் தடுக்கக் கை உயர்ந்தால் கையே போய்விடுமே! ஆனால் ஏதோ ஒரு வயலில் ஏதோ ஒரு பண்ணையாள், பெயர்கூடச் சரித்திரத்தில் இல்லை, முதன்முதலாகச் சவுக்கைப் பிடித்து நிறுத்தியிருக்கிறான். அவன் பின்னால் சங்கம் நின்றிராவிட்டால் அன்றிரவே அவனைப் புதைத்திருப்பார்கள். அவன் பிடித்திராவிட்டால் சங்கம் வெறும் கொடிக்கம்பம். 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது: சவுக்கடி கூடாது, சாணிப்பால் கூடாது. ஒரு நாட்டில் மனிதனுக்குச் சாணி கொடுக்கக்கூடாது என்று காகிதத்தில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்ததே என்று நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அதோடு எல்லாம் நேராகிவிட்டதா? 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில், கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்கும் சங்கக் கொடியை இறக்க மறுத்ததற்கும், பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பின்னால் உயர் நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. மனித குலத்தின் ஒழுக்கம் படிப்படியாகத் தானே உயர்ந்துகொண்டு போகும் என்று எவராவது சொன்னால், வெண்மணிக்குப் போய்விட்டு வந்து சொல்லட்டும். சவுக்கைப் பிடித்து நிறுத்திய கையை ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி உயர்த்த வேண்டியிருக்கிறது.

என் பிரேம்

மற்றவர்கள் கதையையே சொல்லிக்கொண்டிருப்பது நியாயமல்ல. என்னுடையதையும் ஒன்று சொல்கிறேன்.

1979இல் நான் ஒரு நூற்பாலையில் பதிலியாக இருந்தேன். பதிலி என்றால் தெரியுமல்லவா? தினம் கேட்டில் நிற்க வேண்டும். மேஸ்திரி முகம் சுளித்தால் அன்றைக்கு வேலையில்லை. ஒரு நாள் இரவு ஷிப்டில் டாஃபர் பையன் ஒருவன், பதினாறு வயதிருக்கும், பாபின் பெட்டிமேல் சாய்ந்து தூங்கிவிட்டான். மேஸ்திரி வந்து காதோடு ஓர் அறை விட்டார். பையன் சுருண்டு விழுந்தான். அவர் காலாலும் ஒன்று கொடுத்தார். நான் நாலு பிரேம் தள்ளி நின்றேன், பார்த்தேன். அறுந்த நூலை ஒட்டுவதுபோலக் குனிந்துகொண்டேன். உண்மையில் என் பிரேமில் அந்த நேரம் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.

எதிர் வரிசையில் வயதான சைடர் ஒருவர் இருந்தார். வாய் திறந்து பேசாத மனிதர், கூட்டத்துக்கும் அதிகம் வரமாட்டார். அவர் தன் பிரேமை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. மேஸ்திரி கத்தினார். அடுத்த பிரேம் நின்றது. அப்புறம் அதற்கடுத்தது. அந்த இரைச்சலுக்குள் ஒவ்வொரு சத்தமாகக் குறைந்துகொண்டே வந்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. கடைசியில் ஒரே ஒரு பிரேம் ஓடிக்கொண்டிருந்தது. அது என்னுடையது. சூபர்வைசர் வந்த பிறகுதான் நிறுத்தினேன். அதுவும் எல்லோரும் என்னைப் பார்த்ததால்.

அந்தப் பெரியவரை 14 நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். சங்கத்தில் வசூல் போட்டு அவர் வீட்டுக்கு அரிசி அனுப்பினோம். நானும் 2 ரூபாய் போட்டேன். அதன் பிறகு அந்த இலாகாவில் எந்த மேஸ்திரியும் கை நீட்டவில்லை. விதி எழுதிப் போடவில்லை, சர்க்குலர் வரவில்லை. ஆனால் அடிக்கக்கூடாது என்பது அங்கே வழக்கமாகிவிட்டது. புதிதாக வந்த பையன்களுக்கு முன்னே அடிப்பார்கள் என்பதே தெரியாது. எனக்கு மட்டும் தெரியும். சில வருடம் கழித்து அந்தப் பெரியவரிடம், அன்றைக்கு என்ன தைரியத்தில் உட்கார்ந்தீர்கள் என்று கேட்டேன். "தைரியமெல்லாம் இல்லை தம்பி. பையன் விழுந்த பிறகு கால் நிற்கவில்லை, உட்கார்ந்தேன்" என்றார்.

இப்போது தகரக் கொட்டகைக்கு வருவோம். போன மாதம் அங்கே ஒரு பையனைக் காண்டிராக்டரின் ஆள் அடித்தது நம்மில் நாலைந்து பேருக்குத் தெரியும். டீக்கடையில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னவர்களும் உண்டு. நம் கூலி குறைவதற்கு அந்தப் பையன் காரணமா? அவனுக்கு நம்மைவிடக் குறைத்துக் கொடுக்கலாம், கேட்க நாதியில்லை, சட்டப்படி உள்ள ஓவர்டைம் கொடுக்க வேண்டாம், ஊருக்குப் போகிறேன் என்றால் பாக்கிச் சம்பளத்தைப் பிடித்து வைக்கலாம் என்பதல்லவா காரணம்? அவனை அடிக்க முடிகிற வரையில் நம்மையும் குறைத்துக் கேட்க முடியும். வயிற்றுக் கணக்குப் பார்த்தாலே இவ்வளவு வருகிறது. ஆனால் வயிற்றுக் கணக்கோடு நிற்காதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்கிறேன். கணக்கு நாளைக்கே வேறுவிதமாக வரலாம். லங்காஷயர்காரனுக்குக் கணக்கு வேறுவிதமாகத்தான் வந்தது.

நம் கார்டிங் இலாகாத் தோழர் ஒருவருக்கு இந்தி கொஞ்சம் வரும், சூரத்தில் இருந்தவர். அவர் இரண்டு தரம் கொட்டகைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்திருக்கிறார். அங்கே 23 பேர் இருக்கிறார்கள்; நான்கு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பயந்துகொண்டுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு இதே இடத்தில் கூட்டம். அவர்களுக்கு இந்தப் பாய் போதாது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு பெஞ்சு கேட்டிருக்கிறேன். கேள்வி கேட்ட தம்பி கொட்டகை வரைக்கும் போய் அவர்களைக் கூட்டி வருவதாகச் சற்று முன்னே என்னிடம் ஒப்புக்கொண்டார்.